ஒரு குண்டின் எடை

பொருள்களுக்கு இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று வாழ்க்கை காட்டும் எடை. ஒரு பெண்ணின் கழுத்தில் ஏறும் தாலியைத் தட்டான் குன்றிமணிக் கணக்கில் நிறுத்துக் கொடுத்துவிடுகிறான். ஆனால், அதன் உண்மையான கனத்தை அதைச் சுமந்தவளே அறிவாள். அதுபோலவே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உலோகத் துண்டின் கனத்தை நான் என் வாழ்நாளில் இருமுறை உணர நேர்ந்தது. முதல்முறை எனக்கு வயது ஏழு. இரண்டாம் முறை எழுபத்தைந்து. இடையில் ஓடிய ஆண்டுகள் அறுபத்தெட்டு. இரண்டையும் ஒருசேர நினைத்துப் பார்க்கும்போது எழும் எண்ணங்களை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் பிறப்பும் வளர்ப்பும் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதை அனைவரும் அறிவர். அது 1960-ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நீடித்தது. என் இளமை முழுவதும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. மாலையில் வாயிற்கதவு அடைக்கப்பட்டால் மறுநாள் விடியலில்தான் திறக்கும். பால்மரம் சீவச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் அந்த வாயிலில் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரு கைப்பிடிச் சோற்றைக்கூட வெளியே எடுத்துச் செல்ல முடியாத காலம் அது. பால்வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார்கள்.

1954-ஆம் ஆண்டில் ஒருநாள், லயத்துக்குப் பின்னால் வேலியை ஒட்டி ஓடிய மழைநீர்க் கால்வாயில் விளையாடிக்கொண்டிருந்த நான் ஒரு பளபளப்பான பொருளைக் கண்டெடுத்தேன். என் சுண்டுவிரலைவிடச் சற்று நீளம். அடிப்பகுதி பித்தளை மஞ்சள். கூரிய முனைப்பகுதி செம்பு நிறம். ரோந்து சென்ற சிப்பாய் யாரேனும் தவறவிட்டிருக்க வேண்டும். அது வெடிக்காத தோட்டா என்பதை அந்த வயதில் நான் எங்ஙனம் அறிவேன்? தங்கம் என்றே எண்ணினேன். அன்னை தஞ்சை மண்ணிலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்த செம்பு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பூசை நாள்களில் மட்டும் அதில் நீர் நிறையும். மற்ற நாள்களில் அது மாடத்தில் வெறுமனே இருக்கும். என் புதையலை அந்தச் செம்புக்குள் இட்டேன். உலோகத்தில் உலோகம் விழுந்த 'ணங்' என்ற ஒலி என் தந்தையின் காதில் விழுந்துவிட்டது.

அவர் அதை எடுத்துப் பார்த்த கணத்தில் அவர் முகம் மாறிய விதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் என்னை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்குமே! கதவைச் சாத்திவிட்டு, தோட்டாவை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கை நடுங்கியது. "யாரு பாத்தா? யாருகிட்டயாவது காட்டினியா?" என்று மட்டும் மெல்லிய குரலில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அவசரகாலச் சட்டங்களின்படி அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது தூக்குத் தண்டனைக்குரிய குற்றமாகும். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1949-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். என் தந்தை அவசரகாலத்துக்கு முன்னர்த் தோட்டத் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். அவரோடு சந்தா கட்டியவர்களில் சிலர் பிடிபட்டார்கள். சிலர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆறு தோட்டாவுக்கு ஓர் உயிர் என்றால், ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். காவலரிடம் ஒப்படைக்கலாமே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஏழு வயதுச் சிறுவனின் சொல்லை அன்று யார் நம்பியிருப்பார்கள்?

இரவில் வெளியே செல்ல வழியில்லை; ஊரடங்கு. ஆகவே, அந்தத் தோட்டா ஓர் இரவு முழுதும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அன்னையும் தந்தையும் விளக்கை அணைத்துவிட்டு விழித்தே கிடந்தார்கள். வேலியோரம் பூட்ஸ் ஒலி கேட்கும்போதெல்லாம் அன்னையின் மூச்சு நின்று மீண்டதை அவர் அருகில் படுத்திருந்த நான் உணர்ந்தேன். விடியற்காலை, பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னர், தந்தை அதைக் கொண்டுபோய் லயத்துக் கழிவுக்குழியில் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் கைகளைச் சாம்பலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதற்குப் பின் அவர் அதைப்பற்றி ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அன்னை மட்டும் அந்தச் செம்பைப் புளியிட்டு விளக்கி, மும்முறை நீர் மாற்றி, மீண்டும் மாடத்தில் வைத்தார்.

பின்னர் நான் வளர்ந்து, 1965-ஆம் ஆண்டில் கிந்தா பள்ளத்தாக்கில் இருந்த ஓர் ஈயச் சுரங்க நிறுவனத்தின் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். ஈய வாரிக் கப்பல்களுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் வேலை. கடைசல் எந்திரத்தை நாங்கள் 'லேத்து' என்போம். எஃகு, வார்ப்பிரும்பு, வெண்கலம் என்று இருபது ஆண்டுகள் உலோகங்களோடு பழகினேன். உளி படும்போது எழும் ஒலியைக் கொண்டே இன்ன உலோகம் என்று சொல்லிவிடும் பழக்கம் அங்கேதான் வந்தது. வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று என் தந்தை மகிழ்ந்தார். சிறிது நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பட்டறையிலே துப்பாக்கிச் சாமான் ஏதும் செய்யறதில்லையே?" இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு அவர் கையில் இருந்த கனம் அவரைவிட்டு இன்னும் இறங்கவில்லை என்பதை அன்று அறிந்தேன்.

1985-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. என் லேத்தும் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. வேறு வேலைகள் பார்த்தேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தந்தையும் அன்னையும் காலமாயினர். அன்னையின் செம்பு மட்டும் ஈப்போவில் உள்ள என் வீட்டுப் பூசையறைக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவும் முதற் கதை.

இரண்டாம் கதை 2022-ஆம் ஆண்டின் செப்டம்பர் திங்களில் தொடங்குகிறது. என் இளைய மகன் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பிளாக்ஸ்டாப் என்னும் நகரில் பணிபுரிகிறான். அரிசோனா என்றால் பாலைவனம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால், அந்நகரோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பைன் மரக்காடுகளுக்கிடையே அமைந்திருக்கிறது. மகனும் மருமகளும் காலையில் பணிக்குச் சென்றுவிட்டால் வீட்டில் நான் மட்டுமே. ஒருநாள் தனியே அமர்ந்திருந்தபோது அண்டை வீட்டுக் கார்க்கொட்டகையிலிருந்து ஓர் ஒலி கேட்டது. முப்பத்தேழு ஆண்டுகளாக நான் கேளாத ஒலி. லேத்து ஓடிக்கொண்டிருந்தது. உளியின் கீழ்க் கிடந்து முனகிய உலோகம் இரும்பன்று, வெண்கலமும் அன்று. செம்பு. கால்கள் தாமே நடந்தன.

அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரும் எந்திரத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவரே. நானும் லேத்துக்காரன் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரே தொழில் செய்தவர்களுக்கு மொழி ஒரு தடையன்று. மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கும் விதத்திலேயே ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டோம். செம்பு வெட்டுவதற்குக் கடினமான உலோகம் என்பதைத் தொழிலறிந்தோர் அறிவர். எஃகு கடினமாக இருப்பதால் தொல்லை தருகிறது. செம்போ மென்மையாக இருப்பதால் தொல்லை தருகிறது. உளியில் ஒட்டிக்கொள்ளும், நீண்ட நூல்போலச் சீவல் சுற்றும், விளிம்பில் பிசிறு நிற்கும். உளியின் வாய் மிகக் கூர்மையாக இல்லாவிட்டால் மேற்பரப்பு கிழிந்ததுபோல் ஆகிவிடும். அரை விழுக்காடு டெல்லூரியம் கலந்த செம்பில் சீவல் உடைந்து விழுவதால் வேலை எளிதாகும் என்று அவர் கூறினார். எங்கள் பட்டறையில் நான் அறியாத செய்தி அது. ஆவலோடு கேட்டுக்கொண்டே, அவர் கடைந்து முடித்திருந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன்.

கூரிய முனை. உடலில் மூன்று மெல்லிய வளையப் பள்ளங்கள். பின்புறம் படகின் பின்பகுதிபோலச் சற்றே ஒடுங்கியிருந்தது. அடுத்த கணமே அது என்னவென்று தெரிந்துவிட்டது. துப்பாக்கிக் குண்டு. என் விரல்கள் சுட்டதுபோல அதை மேசைமேல் வைத்துவிட்டன. வாயிற்புறம் திரும்பிப் பார்த்தேன், யாரேனும் பார்க்கிறார்களா என்று! எழுபத்தைந்து வயதில், பதினாயிரம் கல் தொலைவில், என் தந்தையின் கேள்வி என் வாயிலிருந்தே வந்தது: "இதை யாரும் பார்த்தால் என்ன ஆகும்?"

அவர் புரியாமல் விழித்தார். பின்னர்ச் சிரித்தார். அந்நாட்டில் ஒருவர் தம் சொந்தப் பயனுக்காகக் குண்டு செய்துகொள்ள உரிமம் வேண்டியதில்லையாம். விற்பதற்கென்று தோட்டா செய்தால்தான் உரிமம் வேண்டுமாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடிய, எஃகு, பித்தளை முதலியவற்றால் மட்டுமே ஆன குண்டுகளைக் கவசம் துளைப்பவை என்று வகுத்துக் கட்டுப்படுத்துகிறது. தனிச்செம்பு அப்பட்டியலில் இல்லை என்றும் விளக்கினார். நான் அவரிடம் என் தந்தையின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு லேத்தை அணைத்துவிட்டு இரண்டு கோப்பைக் காப்பி கொண்டுவந்தார். எங்கள் நட்பு அங்கே தொடங்கியது.

"கடையில் கிடைக்காதா? ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒருநாள் கேட்டேன். அவரிடம் இருந்தது அவர் தந்தை விட்டுச்சென்ற பழைய வேட்டைத் துப்பாக்கி. அதற்கேற்ற அளவில் செப்புக் குண்டுகள் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. காரீயக் குண்டுகள் கிடைக்கும். ஆனால், காரீயம் பயன்படுத்துவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நாளை என்னோடு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார்.

மறுநாள் வடக்கே இரண்டு மணி நேரம் காரில் சென்றோம். கொலராடோ ஆற்றின் குறுக்கே, நவஹோ பாலம் என்னும் பழைய எஃகுப் பாலம் இருக்கிறது. 1929-இல் திறக்கப்பட்ட அது இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். கீழே நூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில் ஆறு பச்சை நாடாவாக ஓடுகிறது. பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கிடையே கரிய உருவங்கள் அமர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று சிறகு விரித்து எழுந்தபோது என்னையறியாமல் பின்வாங்கினேன். சிறகின் ஒரு நுனி முதல் மறு நுனி வரை ஏறத்தாழ ஒன்பதரை அடி. சிவந்த மொட்டைத் தலை. சிறகிலே ஓர் எண் பொறித்த அட்டை. அவைதாம் கலிபோர்னியாக் காண்டர் என்னும் பெருங்கழுகுகள்.

இப்பறவைகளின் வரலாறு கேட்போர் உள்ளத்தை உருக்குவது. 1982-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் இவை இருபத்திரண்டே எஞ்சியிருந்தன. 1987-இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டுகளில் வைத்துப் பாதுகாத்துப் பெருக்கினார்கள். 1992 முதல் கலிபோர்னியாவிலும், 1996 முதல் அரிசோனாவின் வெர்மிலியன் பாறைக் குன்றுகளிலும் மீண்டும் பறக்கவிட்டார்கள். இன்று அவை ஐந்நூற்றுக்கும் மேல். ஆயினும், காட்டில் வாழ்பவற்றைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது காரீய நஞ்சுதான். இவற்றை யாரும் குறிபார்த்துச் சுடுவதில்லை. வேட்டைக்காரன் மானைச் சுடுகிறான். இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலையும் கழிவையும் காட்டிலேயே விட்டுச் செல்கிறான். காரீயக் குண்டு மானின் உடலில் பாயும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறிப் பரவிவிடுகிறது. ஊடுகதிர்ப் படத்தில் அவை வானத்து மீன்கள்போல் தெரியுமாம். பிணம் தின்று காட்டைத் துப்புரவு செய்யும் கழுகு அக்கழிவோடு அத்துகள்களையும் விழுங்குகிறது. இரத்தத்தில் நஞ்சேறி, இரைப்பை செயலிழந்து, உணவு நிறைந்திருந்தும் பட்டினியால் சாகிறது. ஆண்டுதோறும் அவற்றைப் பிடித்து, இரத்தம் சோதித்து, நஞ்சை முறித்து மீண்டும் பறக்கவிடுகிறார்கள். பெட்டை இடுவதோ ஈராண்டுக்கு ஒரு முட்டை. ஒரு பறவை செத்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டைச் சட்டமே தடை செய்துவிட்டது. அரிசோனாவில் அத்தகைய சட்டம் இல்லை. வேட்டைக்காரர்கள் தாமாக விரும்பிக் காரீயத்தைக் கைவிட வேண்டும் என்று மாநில வனவிலங்குத் துறை கேட்டுக்கொள்கிறது. ஆகவே, என் நண்பரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாலத்தின் மேல் நின்றபடி அவர் சொன்னதன் சாரம் இது: "நாற்பது ஆண்டுகள் நான் சுட்ட குண்டுகள் மானின் உடலோடு நின்றுவிட்டன என்று எண்ணியிருந்தேன். அவை அதற்குப் பின்னும் பயணம் செய்திருக்கின்றன. எத்தனை பறவைகளுக்குப் போயினவோ, எனக்குத் தெரியாது. இனிச் செய்வதையாவது தெரிந்து செய்ய வேண்டும்." இதைக் கேட்டபோது, கழிவுக்குழிக்குச் சென்று திரும்பிய என் தந்தை கைகளைச் சாம்பலால் தேய்த்துக் கழுவிய காட்சி என் கண்முன் நின்றது.

திண்செப்புக் குண்டின் தன்மையை அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தோட்டா என்பது முழுப்பொருள். குண்டு என்பது அதன் முனையில் அமர்ந்து பறந்து செல்லும் பகுதி. வழக்கமான குண்டில் உள்ளே காரீயமும் வெளியே மெல்லிய செப்புறையும் இருக்கும். திண்செப்புக் குண்டில் உறையும் உள்ளீடும் ஒன்றே. இது புதிய கருத்தும் அன்று. பிரெஞ்சுப் படையினர் 1898-ஆம் ஆண்டிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பும் பத்துப் பங்கு துத்தநாகமும் கலந்த திண்குண்டைத் தம் துப்பாக்கிக்கு ஏற்றுக்கொண்டனர். காரீயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. எனவே, அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேண்டுமானால் மிகுந்த வேகத்தில் சுழல வேண்டும். பழைய துப்பாக்கிக் குழலின் உட்புரிகள் அவ்வளவு சுழற்சி தருவதில்லை. ஆதலால், எடையைக் குறைத்துக்கொள்வதே வழி. செம்பு காரீயம்போல் நசுங்கி இடம் கொடுக்காது; ஆகையால் குழலுக்குள் உராய்வைக் குறைக்கவே உடலில் அந்த வளையப் பள்ளங்கள். முனையில் சிறு குழி உண்டு. இலக்கில் பட்டதும் அக்குழி விரிந்து, குண்டின் தலை நான்கு இதழ்களாக மலரும், சிதறாது. முன்னர் மானின் உடலிலிருந்து எடுத்துவைத்த ஒன்றைக் காட்டினார். செம்பில் செய்த சிறு பூப்போல இருந்தது. அழகாகவும் இருந்தது, அச்சமாகவும் இருந்தது.

ஒருநாள் அவர் லேத்தை விட்டு விலகி, "நீங்கள் ஒன்று கடைந்து பாருங்களேன்" என்றார். நான் மறுத்தேன். மறுத்துக்கொண்டே, உளியின் வாயை விரலால் தடவிப் பார்த்தேன். அது சற்று மழுங்கியிருந்தது. அதைக் கழற்றித் தீட்டிப் பொருத்தினேன். பொருத்தியபின், சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேத்தை ஓடவிட்டேன். பின்னர் நடந்ததற்கு என் அறிவு பொறுப்பன்று; கைகளே பொறுப்பு. முப்பத்தேழு ஆண்டுகள் பசித்திருந்த கைகள். செம்பு சூடான சர்க்கரைப் பாகுபோல் நிறம் காட்டி, சிறு சுருள்களாக உதிர்ந்தது. முடித்து அளந்தபோது, ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான பிழைதான். நண்பர் கைதட்டினார். எனக்கு மெய்சிலிர்த்தது. என் தொழில் என்னை விட்டுப் போய்விடவில்லை!

அந்த மகிழ்ச்சிதான் மறுகணம் என்னை அச்சுறுத்தியது. நான் செய்தது பம்புக்குரிய வெண்கல வளையம் அன்று. ஓர் உயிரை எடுப்பதற்கான கருவி. வளையத்தைக் கடையும்போது வந்த அதே நிறைவு குண்டைக் கடையும்போதும் வருகிறது. தொழில்திறமை என்பது கேள்வி கேட்காத வேலைக்காரன் போலும்! 'துப்பாக்கிச் சாமான் செய்யறதில்லையே?' என்று கேட்ட தந்தைக்கு 1965-இல் 'இல்லை' என்றேன். 2022-இல் அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நான் செய்த அந்தக் குண்டை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லுமாறு நண்பர் கொடுத்தார். மருந்தும் இல்லை, கூடும் இல்லை; வெறும் செப்புத் துண்டுதான். ஆனாலும் என்னால் வாங்க முடியவில்லை. எங்கள் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. உரிமமின்றி ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. 1971-ஆம் ஆண்டின் சட்டமோ குற்றச் செயலின்போது துப்பாக்கியால் சுடுவோர்க்குக் கட்டாய மரண தண்டனையை விதித்திருந்தது. அந்தக் கட்டாயம் பின்னர் 2023-இல்தான் நீக்கப்பட்டது. இவற்றை அவரிடம் சொன்னேன். ஆனால், உண்மைக் காரணம் சட்டம் அன்று. ஒரு குண்டு என் வீட்டுக்குள் மீண்டும் ஓர் இரவு தங்குவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. "அப்படியானால் இதை நானே இந்தப் பருவத்தில் பயன்படுத்துகிறேன். எங்கே போயிற்று என்று உங்களுக்குத் தெரிவிப்பேன்" என்றார் அவர்.

விடைபெறுவதற்கு முன்னாள், அவர் கொட்டகையின் மூலையில் கிடந்த தடித்த செப்புத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அரைநாள் முயன்று, அதிலிருந்து மூடியோடு கூடிய ஒரு சிறு குங்குமச் சிமிழைக் கடைந்தெடுத்தேன். தமிழில் அத்தகைய சிமிழுக்குச் 'செப்பு' என்றே ஒரு பெயர் உண்டு. செம்பு என்ற உலோகத்தையும் அதே சொல்லால் குறிப்போம் என்று அவருக்கு விளக்கினேன். ஒரே உலோகம், ஒரே லேத்து, ஒரே உளி, ஒரே கை. ஒன்றுக்குக் கூர்முனை, மற்றொன்றுக்கு மூடி. அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைத் திறந்து பார்த்துவிட்டுப் புன்னகையோடு திருப்பித் தந்தபோது என் நெஞ்சு சற்று வேகமாக அடித்துக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நவம்பர் இறுதியில் நண்பரின் மடல் வந்தது. நான் கடைந்த குண்டால் ஒரு கலைமான் ஒரே வெடியில் விழுந்தது என்றும், மறுபக்கத்துத் தோலடியில் குண்டு நான்கு இதழ்களோடு கிடைத்தது என்றும், எடையில் ஏறத்தாழ எதுவும் குறையவில்லை என்றும், கழிவைக் கழுகுகளுக்கு அச்சமின்றி விட்டுவந்ததாகவும் எழுதியிருந்தார். அம்மடலை நான் இருமுறை படித்தேன். கழுகுகளுக்காக மகிழ்ந்தேன். மானுக்காக மனம் கனத்தது. புலால் உண்ணும் நான் கசாப்புக் கடையில் இப்படிக் கனத்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மானின் உயிருக்கு நானும் ஒரு பங்காளி. பறவைக்கு நன்மை செய்தேன் என்று சொல்லி அந்தக் கணக்கை நேர் செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு, 2023-இல், பறவைக் காய்ச்சல் பரவி அப்பகுதியில் இருபத்தொரு காண்டர்கள் மாண்டன என்ற செய்தியை அறிந்தபோது, மனிதன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இயற்கையின் கணக்கு வேறு என்பதும் புரிந்தது. அதற்காக நம் கவனத்தைக் கைவிட முடியுமா?

சிந்தித்துப் பார்க்கையில், என் தந்தைக்கும் என் அமெரிக்க நண்பருக்கும் இடையே நாடு, மொழி, சட்டம் எதிலும் ஒற்றுமையில்லை. ஒருவர் ஒரு தோட்டா கையில் இருந்ததற்காகவே உயிர் நடுங்கினார். மற்றவர் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குண்டு செய்கிறார். ஆயினும் இருவரும் அதைச் சிறு பொருள் என்று எண்ணவில்லை. ஒருவருக்கு அதைச் சட்டம் கற்பித்தது. மற்றவருக்கு ஒரு பறவை கற்பித்தது. நாம் கையால் செய்வதும், கையில் வைத்திருப்பதும், கைநழுவ விடுவதும் நம்மை விட்டுச் சென்ற பின்னும் நம்முடைய கணக்கிலேயே இருக்கின்றன. குண்டுக்கு மட்டுமன்று, சொல்லுக்கும் இது பொருந்தும். 'செப்புதல்' என்றால் சொல்லுதல் என்றும் நம் மொழியில் பொருள் இருக்கிறதல்லவா?

என் மனைவி இப்போது நாள்தோறும் அந்தச் சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து இட்டுக்கொள்கிறாள். பூசையறையில் அன்னையின் செம்புக்கு அருகில் அது இருக்கிறது. சில காலைகளில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். தராசில் அது அந்தக் குண்டைப்போல் பல மடங்கு இருக்கும். கையிலோ, அது மிக இலேசாக இருக்கிறது.